மறு: ஜப்பானிய மர அச்சுப் படங்கள் – 'ஸ்கேல்' என்பதற்கு எந்தச் சொல்?

> அளவுத்திட்டம் என்றே போட்டுவிடலாமே. புவியியலில் புழங்கும் சொல்தானே?

வணக்கம் ஐயா.

புழங்குகிறது, ஆனால் நிலப்படத்துக்கு. ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்லும் இடம் அது. ஜப்பானிய மர அச்சு ஓவியர் ஹொகுசாயின் படத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

'புஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' வரிசையை (பெயரில்தான் 36, வெளிவந்தவை 46) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவாரிப் பகுதியின் புஜிமிகஹாரா படம்: அடிப்பலகை இல்லாத பெரிய மரத்தொட்டி ஒன்றுக்குள் குனிந்து, தொட்டிக்காரர் உட்புறத்தை இழைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வட்டத்தின் வழியே பார்த்தால் வயல்வெளிக்கு அப்பால் ஒரு சின்ன முக்கோணம். அதுதான் 3,776 மீட்டர் புஜி! எல்லோருக்கும் தெரிந்த கனகாவா அலைப் படத்திலும் இதே வேலைதான். அலையின் குழிவுக்குள் மலை ஒடுங்கிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, முன்னால் எழும் சிற்றலை ஒன்று அச்சு அசல் புஜி வடிவம். எது மலை, எது நீர் என்று கண் ஒரு கணம் தடுமாறும். தாளோ ஏறக்குறைய 25 x 37 சென்டிமீட்டர்தான்.

இங்கே நாம் பேசுவது அளந்து சொல்லும் அளவை அல்ல. ஒன்றின் பக்கத்தில் வைத்தால் மற்றது எவ்வளவாகத் தெரிகிறது என்பதை. ஆகவே 'ஒப்பளவு' என்கிறேன். 'விகிதம்' கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது, அதை அங்கேயே விட்டுவிடலாம். 'ஒப்பளவில் சிறுத்த மலை', 'ஒப்பளவைப் புரட்டும் ஓவியர்' என்று சொல் வளைந்தும் கொடுக்கிறது.

இன்னொரு மர அச்சு ஓவியரான ஹிரோஷிகேக்கு இது மட்டும் போதாது. 1857இல் வந்த 'கமெய்தோ பிளம் தோட்டம்' என்ற படத்தில் அவர் மரத்தைச் சட்டகத்தின் விளிம்பிலேயே வெட்டிவிடுகிறார். கிளை முகத்தில் இடிப்பதுபோல் நிற்க, வேலிக்குப் பின்னால் ஆட்கள் எறும்பாய்த் தெரிகிறார்கள். (டச்சு ஓவியர் வான் கோ 1887இல் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தது இதைத்தான்.) முன்னால் வந்து மறைக்கும் இந்தப் பெரிய உருவுக்குத் தனிப் பெயர் வேண்டும். போன மடலில் ஒருவர் 'விசுவரூபம்' என்றார். காதுக்கு இனிமைதான், ஆனால் கூடவே கண்ணனும் வந்து நிற்பாரே! 'அண்மைப் பேருரு' சரியாக வருமா?

'பொகாஷி'யை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. பலகையில் பூசிய வண்ணத்தை ஈரத்தோடு கையால் ஒரு பக்கம் கரைத்து அச்சிடுவது அது. வானத்தின் மேல்விளிம்பில் நீலம் அடர்ந்து, கீழே வர வர வெளிறுவது அச்சிடுபவரின் கைவேலை. தொழிலில் வழங்கும் பெயர் அப்படியே இருக்கட்டும்.

'அண்மைப் பேருரு'வில் எனக்குப் பிடிவாதமில்லை, மேலானது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். 'ஒப்பளவை' மட்டும் எளிதில் விட்டுத்தர மாட்டேன். மறுப்பவர்கள் ஒரு படத்தையாவது முன்வைத்து மறுக்கவும்.