தோட்டத்து வாத்தியாருக்கு ஏன் ஆங்கிலப் பயிற்சி கொடுக்கவில்லை? நார்மல் வகுப்புகள் பற்றி ஒரு கேள்வி

சிப்புட் பேரன்:
அனைவருக்கும் வணக்கம். அன்றைய மலாயாவில் (இன்றைய மலேசியா), பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவரான என் தாத்தா 1930களில் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளியிறுதித் தேர்வில் தேறி, ஈப்போவில் ஆங்கிலப் பள்ளி ஆசிரியரானார். உறவினர்கள் இன்றும் அவரை ‘நார்மல் டிரெய்ன்டு’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர் எந்தக் கல்லூரியிலும் தங்கிப் படித்ததாக யாருக்கும் நினைவில்லை. சின்னத் தாத்தாவோ தோட்டத் தமிழ்ப்பள்ளியிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார். அவரை எந்தச் சோதனைக்கும் யாரும் அழைக்கவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே தொழில். ஒருவருக்கு மட்டும் பயிற்சியும் சான்றிதழும் கிடைத்தது எப்படி என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஹெட்மாஸ்டர்:
தம்பி, உங்கள் தாத்தா கல்லூரிக்குப் போகாததில் வியப்பில்லை. நார்மல் வகுப்பு என்பது திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமையில் நகரத்து மையமொன்றில் கூடிப் படிக்கும் பகுதிநேரப் பயிற்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய நகரங்களில் ஆரம்பித்த இந்த ஏற்பாடு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் நீடித்தது. எனக்குப் பாடம் சொன்னவர்களில் பலர் அப்படி வந்தவர்களே. மூன்றாண்டுப் பயிற்சியில் ஆங்கிலமும் கற்பிக்கும் முறையும் முதன்மையானவை. எழுத்துத் தேர்வோடு காரியம் முடியாது. மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருக்க, பயிற்சி ஆசிரியர் பாடக்குறிப்பை மேசையில் வைத்துவிட்டு, உச்சரிப்பு பிசகாமல், கரும்பலகை எழுத்து கோணாமல், நாற்பது பிள்ளைகளையும் அடக்கி ஒரு முழுப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும்.

அரசாங்கத்துக்கு இதில் சிக்கனம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து ஓர் ஆசிரியரை வரவழைத்தால் கப்பல் செலவு, வீடு, நீண்ட விடுப்பு என்று கையைக் கடிக்கும். உள்ளூர் ஆசிரியரோ பயிற்சிக் காலத்திலும் வகுப்பை விட்டு நகராமல் வேலை பார்த்தார். ஆசிரியரின் சொந்த ஆங்கிலத்தை ஏன் அவ்வளவு கறாராகச் சோதித்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மாணவர்களின் கேம்பிரிட்ஜ் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்தில் திருத்தப்பட்டன. இங்கே சொல்லிக்கொடுத்ததன் சாயம் அங்கே வெளுத்துவிடும்.

ஆவணப்பித்தன்:
ஐயா சொன்னது ஆங்கிலப் பள்ளிக்குப் பொருந்தும். சின்னத் தாத்தாவின் கதை வேறு. அவர் வேலை பார்த்த பள்ளி கல்வியாளர்கள் போட்ட திட்டத்தில் பிறந்ததல்ல, தொழிலாளர் சட்டத்தில் பிறந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தாலே பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் சுமத்தியது. நிர்வாகங்கள் பலவும் அதை லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) குழாய் போடுவதைப் போன்ற இன்னொரு செலவாகவே பார்த்தன. ஆகவே கையெழுத்துப் போடத் தெரிந்த கங்காணியோ (தொழிலாளர் மேற்பார்வையாளர்), கிராணியோ, டிரெஸ்ஸரோ (தோட்ட மருத்துவ உதவியாளர்), காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் வாத்தியாராக மாறுவது பல தோட்டங்களில் நடந்தது. அவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைக்க வேண்டுமென்று துரைமாருக்கு (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளுக்கு) தோன்ற ஏது காரணம்? பிள்ளைகள் படித்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் போதும் என்பதுதான் அவர்களின் கணக்கு.

இது தமிழருக்கு மட்டும் செய்த ஓரவஞ்சனை என்றும் சொல்ல முடியாது. தஞ்சோங் மாலிமில் 1922இல் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய் ஆசிரியர்களுக்கு முழுநேரப் பயிற்சி கொடுத்தது. ஆனால் போருக்கு முன்பு அங்கே ஆங்கிலத்துக்கு இடமில்லை. உழவர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கொடுத்தால் வயலை விட்டு எழுத்தர் வேலை தேடுவார்கள் என்ற அச்சத்தை, பேராக் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக) இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் 1890 வாக்கிலேயே வெளிப்படையாகத் தெரிவித்திருந்தார். இருப்பினும் மலாய் ஆசிரியருக்குக் கட்டடமும் விடுதியும் பாடத்திட்டமும் கிடைத்தன. தோட்டத்து வாத்தியாருக்கு அதுவுமில்லை.

ஐந்தாம் வகுப்பு டீச்சர்:
நான் இப்போது தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பழைய ஹெட்மாஸ்டர் ஐயாவின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் நார்மல் வகுப்பை நாம் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிப் பிடிக்கிறோமோ என்று படுகிறது. ஐந்து நாள் தொண்டை வறண்டவர் ஆறாம் நாளும் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது பயிற்சியா, பொறுமைச் சோதனையா? அதில் தேறியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. அந்தப் பெருமை அவர்களைச் சேருமே தவிர, ஏற்பாட்டைச் சேராது.

1946இல் கல்வி இயக்குநர் சீஸ்மன் முன்வைத்த திட்டம் தாய்மொழிப் பள்ளிகளிலும் ஆங்கிலத்தை ஒரு பாடமாக்கச் சொன்னபோதுதான் குட்டு உடைந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? 1950களில் லிவர்பூலுக்கு அருகே கர்க்பியிலும், பிறகு வுல்வர்ஹாம்டனுக்கு அருகே பிரின்ஸ்போர்ட் லாட்ஜிலும் கல்லூரி அமைத்து, மலாயா இளைஞர்களைக் கப்பலில் அனுப்பிப் பயிற்றுவிக்க வேண்டிய நிலை வந்ததற்கு இந்த ஆள் பஞ்சமும் ஒரு காரணம். சோதிக்கும் ஆசை மட்டும் இன்னும் தீரவில்லை. 2012இல் எங்களை உட்கார வைத்து எழுதச் சொன்ன தகுதித் தேர்வும் கேம்பிரிட்ஜினுடையதுதான்.

சிப்புட் பேரன்:
மூவருக்கும் நன்றி. அந்தச் சான்றிதழால் தாத்தாவுக்குச் சம்பளத்தில் ஏதாவது வேறுபாடு இருந்திருக்குமா?

பழைய ஹெட்மாஸ்டர்:
கண்டிப்பாக இருந்திருக்கும். வெறும் சீனியர் கேம்பிரிட்ஜோடு நின்றவர் பயிற்சி பெறாதவராகவே கருதப்பட்டார். நார்மல் தேறியவர் ஒரு படி மேலே. 1928இல் சிங்கப்பூரில் ராபிள்ஸ் கல்லூரி தொடங்கிய பிறகு அங்கே படித்து வந்தவர்கள் அவருக்கும் மேலே போய்விட்டார்கள். எல்லாருக்கும் உச்சியில் வெள்ளைக்கார ஆசிரியர் இருந்தார், பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்தினாலும். உங்கள் தாத்தாவின் பெயரைத் தேடுவதானால், கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கல்வித்துறையின் பழைய ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு மலர்களிலும் ஆசிரியர் பட்டியல் இருக்கக்கூடும். சின்னத் தாத்தாவுக்குத் தோட்டத்துச் சம்பளப் புத்தகம்தான் வழி. அதுவும் தோட்டம் கைமாறிய போது யாராவது எடுத்து வைத்திருந்தால்.