திறந்தவெளிக் கச்சேரி: சீலியாக் உள்ள பையனுக்கு என்ன சாப்பாடு?

வைகைக்கரை: தெப்பக்குளம் பக்கம் சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரைக்கும் கச்சேரி. பையனுக்குச் சீலியாக், அதாவது கோதுமைல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் குடலைப் பாதிக்கற நோய்; கோதுமை துளியும் ஆகாது. கடையில இட்லி, தோசை, ஜிகர்தண்டா வாங்கலாமா?

அடுப்பங்கரை: தோசை வேண்டாங்க. மாவு அரிசியும் உளுந்தும்தான், ஆனா பரோட்டா போட்ட கல்லுலயே ஊத்துவாங்க. பஜ்ஜியும் அப்படித்தான், சமோசா பொரிச்ச எண்ணெய் எவ்வளவு கொதிச்சாலும் குளூட்டன் போகாது. ரவை கலக்காத இட்லின்னா வாங்கலாம், சாம்பார் இல்லாம. பலரும் கவனிக்காதது பெருங்காயம்: கடைத்தூள்ல பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். ரசம், சட்னித் தாளிப்பு எல்லாத்துலயும் அது வரும்.

நெல்லுச்சோறு: வீட்டுப் புளியோதரைதான் நல்லது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் பாத்து வாங்குங்க. 'குளூட்டன் இல்லாதது'ன்னு அச்சடிச்சிருந்தா, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்ங்கறது சட்டம். சோத்தைத் தாம்பாளத்துல பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுசா ஆறினப்புறம் புளிக்காய்ச்சல் கலந்து டப்பாவை மூடுங்க. சூட்டோட மூடினா வேர்த்து, இந்த வெயிலுக்குச் சீக்கிரம் ஊசிப்போகும். தட்டும் ஸ்பூனும் வீட்டுலருந்தே.

அடுப்பங்கரை: ஜிகர்தண்டாவுல பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத் பிரச்சினையில்ல, ஐஸ்கிரீம்ல என்ன சேர்க்கிறாங்கன்னு கேளுங்க. சேமியா போட்ட ஃபலூடாவுக்கும் அதே கரண்டின்னா விட்டுடுங்க. இளநீர், உப்புப் போட்டு அவிச்ச கடலை தைரியமா வாங்கலாம்.