வாரம் ஒரு நாள் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்: வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

"மைலேஜ் என்ன கொடுக்குது?" இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. லிட்டருக்கு ஏழு, மலை ஏறினால் ஐந்து என்று சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெட்ரோல்தான் இதில் சின்னச் செலவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டி எவ்வளவுதான் குடித்துவிடும்? அதிலும் நாங்கள் கேரள எல்லைக்காரர்கள். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது, கேரளா 2023 ஏப்ரலில் 2 ரூபாய் செஸ் போட்டது. அதனால் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில்தான் டேங்கை நிரப்புவது. காசைத் தின்பது வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிற மிச்ச நாட்கள்.

என்னுடையது மடக்குக் கூரை வைத்த இரண்டு சீட்டு வண்டி. பத்து வயது தாண்டியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா ஜெர்மன் வண்டிக்கும் கதை ஏறக்குறைய இதுதான்.

முதலில் பேட்டரி. பூட்டி நிறுத்தினாலும் அலாரம், சாவி ரிசீவர், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே போய் ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டு முழுக்கத் திருவிழா சீரியல் செட்: ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ், எல்லாமே எரியும். பார்ப்பவருக்கு லட்ச ரூபாய் வேலை போலத் தெரியும். முழுசாகச் சார்ஜ் போட்டு, பிழைக் குறியீடுகளை அழித்தால் பெரும்பாலும் போய்விடும். அதனால் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரோடு ஓடாதீர்கள், முதலில் மல்டிமீட்டரை வையுங்கள். தானாகவே நிறுத்திக்கொள்ளும் சின்ன சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டிவைத்தால் ஒரு பேட்டரி விலை மிச்சம்.

அடுத்தது மழை. சித்தூர் தாலூக்கா பாலக்காட்டின் மற்ற பக்கங்களை விட வறட்சியான இடம்தான். ஆனாலும் ஜூன் பிறந்தால் ஷெட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். மடக்குக் கூரை வண்டியில் கூரையோரத் தண்ணீர் கீழே இறங்க ரெண்டு பக்கமும் மெல்லிய குழாய்கள் உண்டு. எங்கள் வீட்டைச் சுற்றி தென்னந்தோப்பு. பாளை வெடித்துக் கொட்டும் தென்னம்பூ அரிசி மாதிரி இருக்கும், சரியாக அந்தக் குழாய் வாயில் போய் உட்காரும். மேலே வேப்பம் சருகு விழுந்து ஊறினால் மூடி போட்டது போல அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல் கார்பெட்டுக்கு அடியில் இறங்கும், அங்கேதான் வயர் ஜாயிண்டுகள் எல்லாம் இருக்கும். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை வெட்டி உள்ளே மெதுவாக விட்டு எடுத்தால் போதும். கம்பி போடக் கூடாது, குழாய் கிழிந்துவிடும். ஏர் பிரஷர் அடித்தால் கீழே இருக்கும் ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். ஐந்து நிமிட வேலை, செலவு பூஜ்யம். இதைச் செய்யாமல் விட்ட ஒருவருடைய வண்டியில் கூரை மோட்டாரே தண்ணீரில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தென்னை மரத்துக்கு அடியில் நிறுத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குரும்பை விழுந்தால் போனட் போச்சு.

டயர் தேய்ந்து போகாது, வயதாகித்தான் போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் முழுசாக இருக்கிறது என்று செகண்ட் ஹேண்ட் வியாபாரி காட்டுவார், நீங்கள் அந்த எண்ணைப் பாருங்கள். ஆறேழு வருஷம் தாண்டினால் ரப்பர் கல்லாகிவிடும், ஈர ரோட்டில் பிடிக்காது. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரென்றால் விலையும் அதிகம், பல வண்டிகளில் ஸ்டெப்னியும் கிடையாது. நெம்மாறை தாண்டி நெல்லியாம்பதி ஏறும்போது பக்கவாட்டில் கிழிந்தால் லாரியை வரவழைப்பதைத் தவிர வழியில்லை.

மற்றபடி கூலண்ட் டேங்க், ஹோஸ், வாட்டர் பம்ப், வால்வ் கவர் கேஸ்கட். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் வெயிலில் வயதாகும். கோயம்புத்தூரில் தனியாக வைத்து நடத்தும் ஜெர்மன் கார் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், கம்பெனி சர்வீஸில் கேட்கிற பணத்தில் பாதிக்குள் முடிந்துவிடும். வண்டி வாங்குகிற விலையில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் ஒதுக்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அதே காசில் சின்னதாகப் புது வண்டி எடுப்பது நல்லது.

கம்பத்திலிருந்து:

அண்ணா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வண்டி நின்றாலும் சரி ஓடினாலும் சரி. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். டவுனுக்குள் ஓட்டினால் தெரியவே தெரியாது. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை, இல்லை போடிமெட்டிலிருந்து கீழே, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகிற காசு ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோலைவிடக் குறைவு. அதை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

பெட்ரோலையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். மழை முடியும்வரை வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள். பழைய வண்டியென்றால் எரிபொருள் ஹோஸ்களை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்.

என் வண்டியை நான் புதன்கிழமையும் கடைக்கு எடுத்துப் போகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். வாரத்தில் ரெண்டு தரம் என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடுகிற வண்டிக்குப் பேட்டரிச் சிக்கலும் குறைவு, டிஸ்க்கில் துருவும் குறைவு. ஷெட்டிலேயே வைத்து அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் போட்டு அணைப்பதுதான் மோசம், ஆயிலில் ஈரம் தங்கிவிடும்.

வேலந்தாவளத்திலிருந்து:

வண்டிக்கு முன்னால் ஆர்சியைப் பாருங்க சார். டெல்லியில் பழைய பெட்ரோல் வண்டிக்கு வயது வரம்புச் சிக்கல் இருப்பதால் அங்கிருந்து ஆசையான விலையில் வரும். ஆனால் வேறு மாநில நம்பரை இங்கே 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்குத் தமிழ்நாட்டிலும் சரி கேரளாவிலும் சரி, சாலை வரி மட்டுமே விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடும். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் கழித்துத் தருவார்கள், அந்தத் தொகையை ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். வரியை மிச்சம் பிடிக்கப் புதுச்சேரி முகவரியில் பதிந்து கேரளாவில் ஓட்டிய சொகுசுக் கார்களை 2017இல் எப்படித் துரத்தினார்கள் என்று பார்த்தோமே.

15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000, இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். 14 வயது வண்டியை "சல்லிசு" என்று தள்ளிவிடப் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

இன்சூரன்ஸில் 1500 சிசிக்கு மேல் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) வருஷத்துக்கு 7,897 ரூபாய், அதில் பேரம் இல்லை. சொந்தச் சேதப் பகுதியில்தான் குறைக்க முடியும். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டத்தை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022இல் அனுமதித்தது, நம்மைப் போல வாரம் ஒருமுறை எடுப்பவர்களுக்கென்றே வந்தது.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணே, பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கு. என்ஜின் போயிரும்னு பயமுறுத்துறாங்க. நிஜமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தம்பி, வருஷத்தைப் பாருங்க. 2008 மாடல் வரை வந்த என்ஜின்களில் ஐஎம்எஸ் என்று சொல்லும் இடைத்தண்டு பேரிங் ஒன்று உண்டு. அது உடைந்தால் என்ஜினே காலி. எல்லா வண்டியிலும் உடைவதில்லை, உடைந்தால் வண்டி விலையைத் தொடும். 2009 மாடலில் என்ஜினையே மாற்றிவிட்டார்கள், அந்த பேரிங் கிடையாது. 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, உறுதியும் கூடுதல், ஆனால் என்ஜினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. 2005க்கு முந்தியதென்றால் கிளட்ச் மாற்றும்போதே சேர்த்து மாற்றிவிடலாம், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். மினுமினுவென்று இரும்புத் தூள் இருந்தால் ஆரியங்காவு வழியே அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.