பெருமுக்கல் கீறல்கள்: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திண்டிவனத்தான்:
திண்டிவனம் பக்கத்தில் பெருமுக்கல் மலை, அங்கே சீதை குகைப் பாறையில் பழங்கால மனிதர்கள் தேய்த்து வைத்த கோடுகள் இருக்கின்றன. அந்தக் கீறல்களைத்தான் கேட்கிறேன். போன் டார்ச்சை நேராக அடித்தால் வெறும் பாறை. பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்ததும் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அதில் ஒன்றின் மேல் யாரோ சாக்பீஸால் இழுத்து வைத்திருந்தார்கள், போட்டோவில் நன்றாக விழட்டும் என்று. பழைய கோடு ஒரு வழி போகிறது, சாக்பீஸ் வேறு வழி போகிறது. பள்ளத்தின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. இன்னும் மனசு ஆறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் ஒருவர் உட்கார்ந்து கல்லில் தேய்த்த கோடு அது. திருத்த நாம் யார்?

மலையேறி:
நான் இப்படிக் கீறல் பார்த்தது எடக்கல் குகையில். வயநாட்டில் பிளந்த பாறைக்கு நடுவே பெரிய கல் சிக்கி நிற்குமே, அதன் கீழே. 1890களில் ஃபாசெட் என்ற போலீஸ் அதிகாரி வெளியுலகுக்குச் சொன்ன இடம். தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியும் உண்டு, அதற்காகவே போனேன். தலையில் பெரிய முடி வைத்த அந்த மனித உருவத்தின் முன் நின்றதுதான் தெரியும், பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டே போய் வெளியே விட்டுவிட்டது. எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் அங்கே கம்பித் தடுப்பாவது இருக்கிறது. பெருமுக்கலிலும் போட்டிருந்தால் சாக்பீஸ் ஏறியிருக்காது.

கல்லாங்குத்து:
தடுப்பு போட்டால் சரியாகிவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி எல்லோரும் மோதிய கோட்டை மலை பெருமுக்கல். பீரங்கிக்குத் தப்பியது கல்குவாரிக்குத் தப்புமா என்பதுதான் என் பயம். கோட்டைச் சுவர் ஓரம் ஆடு மேய்த்த பெரியவர் என்னிடம் சொன்னது: ‘வெடி வெச்சா குகைக்குள்ள மண்ணு கொட்டும் தம்பி.’ முதலில் குவாரியை எதிர்த்து மனு எழுதுங்கள், கம்பி அப்புறம்.

செஞ்சிக்காரன்:
அவ்வளவு தூரம் வருகிறவர்கள் செஞ்சியையும் பாருங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. அங்கே ராஜகிரி என்ற மலையின் உச்சிக்குக் கீழே, பிளவின் மேல் இருக்கும் பாலத்தில் என் அப்பாவுக்குக் கால் நடுங்கிவிட்டது, பாதியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கீழே களஞ்சியம், கல்யாண மகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறுகிறவர்கள் காலையில் கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் படிக்கட்டில் கை வைக்க முடியாது. தண்ணீர் கூடவே எடுத்துப் போங்கள். தின்பண்டம் கையில் வேண்டாம், குரங்கு பையோடு பிடுங்கும். மதியத்துக்கு மேல் நேரமிருந்தால் செஞ்சிப் பக்கம் செத்தவரை என்ற ஊரில் இருக்கும் பழைய பாறை ஓவியத்தையும் பாருங்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழி பிடிபடாது. ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்வார்கள், கண்டிப்பாக வேண்டாம்.