மறு: ராணுவ வண்டி ஓட்டும் பரிசுக்கு என்ன சொல்லலாம்?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

> 'படைக்கழிவு வாகனச் சவாரி' என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் பிறந்தநாளுக்கும் தந்தையர் தினத்துக்கும் இப்படி ஒரு பரிசு கொடுக்கிறார்கள். பெற்றவர் சீட்டோடு ஒரு திடலுக்குப் போவார். அங்கே ராணுவம் விற்றுவிட்ட எஃப்.வி.432 கவச வண்டி நிற்கும். 1960களில் படைக்கு வந்த வண்டி, சுமார் 15 டன், சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை ஓடுவதால் நம்மூர்க்காரர்கள் பார்த்தால் 'செயின் வண்டி' என்பார்கள். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்தான். இடதை இழுத்தால் இடப்பக்கச் செயினுக்குத் தடை விழும், வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். பயிற்றுநர் கூடவே இருப்பார், ஆனால் ஓட்டுவது பரிசு பெற்றவர்தான். சில இடங்களில் கூடுதல் காசு கட்டினால் பழைய கார் ஒன்றின் மேல் ஏற்றி நசுக்கவும் விடுகிறார்கள். (பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்காரர்கள் பார்த்தால் வயிறு எரிவார்கள்.)

ஆகவே 'சவாரி' சரிப்படாது. குதிரைச் சவாரியில் நாமேதானே ஓட்டுகிறோம் என்பீர்கள். மோட்டார் வண்டிக்கு வந்தபின் அந்தப் பொருள் போய்விட்டது. தண்டையார்பேட்டை ஆட்டோக்காரர் 'சவாரி வருது' என்றால் அது பின்னால் உட்காருகிற ஆள்.

அடுத்து, 'கழிவு'. ஏல அறிவிப்புகளில் 'கழிவு செய்யப்பட்ட வாகனங்கள்' என்று வருவது உண்மைதான். ஆனால் குப்பைமேடு இருக்கும் கொடுங்கையூரில் கழிவு வண்டி என்றால் எந்த லாரி நினைவுக்கு வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பேச்சில் 'மிலிட்டரி டிஸ்போசல்' என்கிறோம், ஏலத்தில் எடுத்த ஜீப், ஜீப் மாதிரியான ஜோங்கா எல்லாம் அதில் அடங்கும். எழுத்துக்கு 'முன்னாள்' போதும். 'முன்னாள் படைவீரர்' அரசு வழக்கில் ஊறிய சொல், அதன் பக்கத்தில் 'முன்னாள் படைவண்டி' உறுத்தாமல் உட்காரும். 'டாங்கி' என்று சுருக்கவும் கூடாது. ஆவடியில் 1965 முதல் செய்த விஜயந்தாதான் டாங்கி. எஃப்.வி.432 வீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டி.

வினைப்பகுதியில்தான் சிக்கல். 'ஓட்டுப் பரிசு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பணப் பட்டுவாடா புகாரில் 2017இல் இடைத்தேர்தலே ரத்தான ஆர்.கே. நகரில் குடியிருந்துகொண்டு இதை எப்படி முன்மொழிய மனம் வந்தது? 'ஓட்டுநர் அனுபவம்' என்றால் வேலைக்கு விண்ணப்பிக்கிற மாதிரி இருக்கிறது, கூடவே எத்தனை வருடம் என்று கேட்பார்கள்.

நான் சொல்வது 'ஓட்டிப்பார்ப்பு'. சாப்பிட்டுப் பார், ஏறிப் பார் என்கிறோமே, அந்தப் 'பார்' துணைவினையிலேயே அனுபவமும் ஆசையும் இருக்கின்றன. தனியாக 'அனுபவம்' ஒட்டவைக்க வேண்டாம். எதிர்பார்ப்பு, சரிபார்ப்பு என்று வடிவத்துக்கும் முன்மாதிரி உண்டு.

---

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது 'ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க' என்கிறார்கள். அதோடு குழம்பாதா? 'சரிபார்ப்பு' வேறு ஆய்வாளர் வாசனை அடிக்கிறது.

---

ஐயா, குழம்பாது என்றே நினைக்கிறேன். வண்டியைச் சோதிப்பதற்கு நம்மிடம் 'வெள்ளோட்டம்' இருக்கிறது. புதுத் தேருக்கு விடுவதும் அதுதான், ரயிலுக்கு விடுவதும் அதுதான். இங்கே வண்டியை யாரும் சோதிக்கவில்லை, ஆள் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார். பைக் கடைக்காரர் சொல்வது வினையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பெயர்ச்சொல்லை நாம் எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர் வாசனை 'சரி'யிலிருந்து வருவது, 'பார்ப்பு' என்ன செய்யும்?

அப்புறம், கையில் கொடுக்கும் சீட்டு. 'பரிசுச்சீட்டு' என்றால் 2003இல் தடைசெய்த லாட்டரிதான் பலருக்கும் தோன்றும். 'அன்பளிப்புச் சீட்டு' என்று வைத்திருக்கிறேன். பட்டியலில் 'முன்னாள் படைவண்டி ஓட்டிப்பார்ப்பு' என்று முழுதாக ஏற்றுகிறேன், நீளம் என்று நினைப்பவர்கள் 'படைவண்டி ஓட்டிப்பார்ப்பு' என்று எழுதிக்கொள்ளலாம். வேறு யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.