ரெஜிஸ்ட்ரி பேக்கப் கையில் இருந்தும் கணினி எழவில்லை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மூன்று நாளுக்கு முன் நடந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

எப்போதோ நீக்கிய ஒரு மென்பொருளின் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) மட்டும் பட்டியலில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் சர்வீசஸ் கிளைக்குப் போனேன். கை வைப்பதற்கு முன் அந்தக் கிளையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து டெஸ்க்டாப்பில் ரெஜ் கோப்பாக வைத்துக்கொண்டேன். பிறகு அந்த சர்வீஸையும், அதே எழுத்துகளில் தொடங்கிய பக்கத்துக் கீயையும் (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் மாதிரி இருப்பது) நீக்கினேன். பக்கத்தில் இருந்தது டிஸ்க்கைப் படிக்கிற ஸ்டோரேஜ் டிரைவர். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை வந்தது, பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று.

ரெஜ் கோப்பை இரட்டைக் கிளிக் செய்ய விண்டோஸ் ஓட வேண்டும். விண்டோஸ் ஓட வேண்டுமென்றால் அந்தக் கோப்பு உள்ளே போக வேண்டும். இது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

விண்டோஸ் எழாதபோது வரும் ரெக்கவரி திரையில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) திறந்து, அங்கிருந்தே ரெஜ்எடிட்டை, அதாவது ரெஜிஸ்ட்ரி எடிட்டரை, ஓட்டி கோப்பை இம்போர்ட் செய்தேன். வெற்றி என்றது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் நீலத்திரை. இரண்டு முறை இப்படி ஏமாந்த பிறகுதான் புரிந்தது: அங்கே திறக்கிற ரெஜிஸ்ட்ரி ரெக்கவரி சூழலுக்குச் சொந்தமானது. டிஸ்க்கில் இருக்கும் என் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியை அது தொடவே இல்லை.

செய்ய வேண்டியது வேறு. எச்கேஎல்எம் என்ற, கணினி முழுவதற்குமான அமைப்புகள் உள்ள கிளையைத் தேர்ந்துகொண்டு, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்திருக்கும் கோப்பு) கொடுத்து, விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32, கான்ஃபிக் உள்ளே இருக்கும் சிஸ்டம் என்ற கோப்பைத் திறக்க வேண்டும். அதற்கு ஒரு தற்காலிகப் பெயர் கேட்கும். நான் ‘பழையது’ என்ற பொருளில் ஒரு சொல் கொடுத்தேன். திறந்து பார்த்தால், என் ரெஜ் கோப்பின் பாதைகளில் இருந்த கரன்ட்கன்ட்ரோல்செட்டைக் காணோம்! விண்டோஸ் ஓடும்போது மட்டும் உருவாகும் இணைப்பு அது. டிஸ்க்கில் இருப்பது கன்ட்ரோல்செட்001. எந்த எண் நடப்பில் உள்ளது என்பதை செலக்ட் என்ற கீயில் கரன்ட் மதிப்பு சொல்லும். என் ரெஜ் கோப்பை நோட்பேடில் திறந்து, எல்லாப் பாதைகளிலும் ‘சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட்’ என்பதைத் தற்காலிகப் பெயராகவும் 001 ஆகவும் ரீப்ளேஸ் செய்தேன். இம்போர்ட் செய்து, அன்லோட் ஹைவ் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். லாகின் திரையைப் பார்த்ததும்தான் மூச்சே வந்தது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் தப்பியது மயிரிழையில். கணினி எழாதபோது, விண்டோஸ் தானாக ரெஜிஸ்ட்ரி பேக்கப் எடுத்து வைத்த ரெக்பேக் ஃபோல்டரில் உள்ள ஹைவ் கோப்புகளை எடுத்து கான்ஃபிக் ஃபோல்டரில் போடு என்று பழைய வழிகாட்டி ஒன்றில் படித்திருந்தேன். அதையே செய்தேன், நிலைமை இன்னும் மோசமானது. டிர் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்துப் பார்த்தால் நான் கொண்டுவந்து போட்ட கோப்பு ஒவ்வொன்றும் 0 பைட். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிட்டார்களாம். மேலே எழுதுவதற்கு முன் அசல் கோப்புகளை ஓல்ட் என்று பெயர் மாற்றி வைத்திருந்ததால் பழைய நிலைக்காவது திரும்ப முடிந்தது. தயவுசெய்து அளவைப் பார்க்காமல் காப்பி செய்யாதீர்கள்.

மறுமொழி 2

நண்பரே, நீங்கள் கமாண்ட் பிராம்ப்ட் வரை போனீர்கள். என் டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் குறியாக்க வசதி) இருந்தது. 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் டிரைவைத் திறக்கவே விடவில்லை. கீயை எங்கே வைத்திருந்தேன் என்றால், அதே டிரைவில் ஒரு டெக்ஸ்ட் கோப்பில். நல்லவேளையாக மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் சேமிப்பாகியிருந்தது, போனில் திறந்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துத் தட்டினேன்.

மறுமொழி 3

ஒன்று சேர்க்கிறேன். ரெஜ் கோப்பை இம்போர்ட் செய்தால் கோப்பில் உள்ளவை உள்ளே போகும், அவ்வளவுதான். பேக்கப்புக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த கீகள் அப்படியே கிடக்கும். ஒரு செட்டிங்கை மாற்றிக் கெடுத்து, பழைய கோப்பைப் போட்டும் சரியாகாமல் நான் ஒரு நாள் முழுக்கத் தேடியது இதனால்தான். நான் சேர்த்த மதிப்பு பழைய கோப்பிலேயே இல்லை, பிறகு எப்படி அது நீங்கும்? கீகளின் பெர்மிஷனும் ரெஜ் கோப்பில் வராது. முழு ஹைவாகச் சேமிக்க ரெக் சேவ் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

தொடங்கியவர்

பெர்மிஷன் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. நேற்று பார்த்தால் என் கணினியில் சிஸ்டம் புரொடெக்‌ஷனே அணைந்து கிடந்தது, அதனால்தான் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றுகூட இல்லை. அதை இயக்கி ஒரு பாயின்ட் உருவாக்கினேன். சிஸ்டம், சாஃப்ட்வேர் ஹைவ் இரண்டையும் ரெக் சேவ் செய்து பென் டிரைவில் போட்டேன். பிட்லாக்கர் கீயைக் காகிதத்தில் எழுதியாயிற்று. இன்றிரவு வேண்டுமென்றே ரெக்கவரி திரைக்குப் போய், பென் டிரைவ் அங்கே எந்த எழுத்தில் தெரிகிறது என்று பார்க்கப்போகிறேன். போன தடவை என் சி டிரைவே அங்கே டி என்றுதான் வந்தது.