சீன வரலாற்றில் இளங்கலை: மொழி தெரியாமல் சேரலாமா?

மழைத்துளி:
பள்ளிப்படிப்பு முடியப்போகிறது, சீன வரலாறுதான் படிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எல்லாம் தைப்பிங் கிளர்ச்சியால் வந்தது. அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற ஹொங் சியுச்சுவான், தன்னை ஏசுவின் தம்பி என்றே நம்பி ஒரு படையைத் திரட்ட, 1864 வரை பதினான்கு வருஷம் நடந்த போரில் கோடிக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள்! இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வம்சப் பட்டியலை மனப்பாடம் செய்தே மூன்று வருஷமும் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு:
நானும் மொழி தெரியாமல்தான் சேர்ந்தேன், தாராளமாகச் சேருங்கள். வம்சப் பட்டியல் இரண்டு வாரத்தில் தானாகப் படிந்துவிடும், அது ஒரு விஷயமே இல்லை. முதல் வருஷம் என்னை உலுக்கியது வேறு. ஷாங் வம்சத்தின் கடைசி அரசன் மதுவால் குளம் நிரப்பிக் கூத்தடித்தான் என்று பழங்காலச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். அதற்கு முந்தைய சியா வம்சத்தின் கடைசி அரசன்மேலும் பழைய நூல்களில் அதே மதுக்குளக் கதை! ஒரு வம்சத்தின் கதையை எழுதுவது அதற்கு அடுத்து வந்தவர்கள். விழுந்தவன் கெட்டவனாக இருந்தால்தானே எழுந்தவனுக்கு நியாயம் கிடைக்கும். மிங் வரலாற்றைக்கூட, மிங் விழுந்து 95 வருஷம் கழித்து, 1739இல் அடுத்து வந்த சிங் வம்ச அரசுதான் எழுதி முடித்தது. அப்புறம் ஷாங் தலைநகர் இருந்த ஆன்யாங்கில் தோண்டியெடுத்த குறி எலும்புகளை, அதாவது குறி கேட்பதற்காகக் கேள்விகளைப் பொறித்த எலும்புகளை, படித்தோம். அதில் ஷாங் அரசன் மழை வருமா, விளைச்சல் எப்படி, இந்தப் பல்வலி எந்த முன்னோரின் கோபத்தால் வந்தது என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருவனின் பல்வலி. அன்றைக்கே இதுதான் என் படிப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

செம்மை:
சேருங்கள், ஆனால் மொழியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய மாண்டரின் சரளமாக வந்தாலும் பழைய ஆவணம் புரியாது, அது எழுதப்பட்ட பழைய எழுத்து மொழியான செவ்வியல் சீனத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். ‘ஜ்ர்’ என்று ஓர் எழுத்து உண்டு: ஓரிடத்தில் ‘போ’, இன்னோரிடத்தில் ‘உடைய’, வேறோரிடத்தில் ‘அதை’. மூலத்தில் நிறுத்தற்குறியும் கிடையாது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதையே நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதம் நான்கு வரிக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. அந்தச் சிரமம் வீணாகாது. சிங் வம்சத்தின் யோங்ஜெங் பேரரசர் அதிகாரிகளின் கடித ஓரத்தில் சிவப்பு மையில் தன் கையாலேயே பதில் எழுதுவார், சிலரை நன்றாகத் திட்டியும் இருக்கிறார். அதை மொழிபெயர்ப்பு இல்லாமல் படித்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அதனால் சேரும் முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். செவ்வியல் சீனம் இல்லாத துறை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

மழைத்துளி:
ரொம்ப நன்றி. பழைய எழுத்து வடிவம், சுருக்கிய வடிவம், எதில் ஆரம்பிக்கட்டும்?

செம்மை:
பழையதில். சுருக்கிய வடிவத்தைச் சீன அரசு கொண்டுவந்ததே 1956இல்தான். நீங்கள் படிக்கப்போகும் தைப்பிங் ஆவணங்கள் பெரும்பாலும் பழைய வடிவில்தான் இருக்கும். அது கைவந்துவிட்டால் மற்றதைச் சில மாதத்தில் பிடித்துவிடலாம். இன்றைக்கே பத்து எழுத்தைக் கையால் எழுதிப் பாருங்கள்.